சோடா மெஷின் ஒண்ணு சிக்கிருக்கு, நெஜமாவே கோக்குதானா?

ஒஹையோ_கரூரான்:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் இருந்தவன், இன்னைக்குத்தான் மொதல் தடவையா எழுதறேன். போன சனிக்கிழமை ஒஹையோ டேட்டன்ல இருந்து ஒரு மணி நேரம் தள்ளி ஒரு பண்ணை வீட்டுல எஸ்டேட் சேல்னு (வீட்டு சாமான் மொத்தத்தையும் விக்கறது) போர்டு பாத்து வண்டியத் திருப்பிட்டேன், வீட்டம்மாவுக்கு பழைய தையல் மெஷின் வேணும்னு ஒரு வருசமா சொல்லிட்டு இருக்காங்க, அதுக்குத்தான் போனதே. தையல் மெஷின் கெடைக்கல. கொட்டாய்ல வைக்கோல் கட்டுக்குப் பின்னாடி செவப்பா ஒண்ணு நின்னுச்சு, பீரோ மாதிரி, என் தோள் ஒயரம், மேல் மூலை ரெண்டும் உருண்டு வழுவழுன்னு. கதவுல பெருசா வெள்ளை எழுத்துல கோக்க கோலா, அடியில அலை மாதிரி ஒரு கோடு. வித்தவரு 1940-கள்ல வந்த ஒரிஜினல் கோக் மெஷின்னு அடிச்சு சொன்னாரு. 600 கேட்டாரு, 400 டாலருக்கு முடிச்சேன். பக்கத்து வீட்டுக்காரர் டிரக்க கடன் வாங்கி நாலு பேரு சேந்து தூக்கிட்டு வந்து கராஜ்ல நிறுத்தியாச்சு.

காசு போடற எடத்துல 10 சென்ட்னு இருக்கு. நான் ஏமாந்துட்டனா இல்ல லாட்டரி அடிச்சனா, தெரிஞ்சவங்க சொல்லுங்க. நாலு படம் போட்டிருக்கேன்.

பழசு_பைத்தியம்:
தம்பி வாங்க. படத்த பெருசாக்கிப் பாத்தேன். மொதல்ல ஒரு விஷயம், இந்த மெஷின் வெவகாரத்துல பெயிண்ட்டையும் ஸ்டிக்கரையும் கடைசியா நம்பணும், உடம்ப மொதல்ல பாக்கணும். அம்பதுகள்ல வந்த கோக் மெஷின்னா கதவுல எழுத்து பெரும்பாலும் தகட்டுலயே புடைச்சு இருக்கும், கைய வச்சா தட்டுப்படும். உங்களோடது ஸ்டிக்கர் மாதிரி தெரியுது. அதுலயும் அந்த அலைக்கோடு இருக்கு பாத்தீங்களா, அது கோக் லோகோவுக்கு கீழ வந்ததே 1969-லதான். அதுக்கு முன்னாடி 1958-ல இருந்து மீன்வால் மாதிரி ஒரு வடிவம், அதுக்கும் முன்னாடி வட்டம், அப்புறம் வெறும் எழுத்து. அலைக்கோடு இருக்கிற 1940 மெஷின்னு ஒருத்தர் சொன்னா, ராஜராஜ சோழன் வாட்ச் கட்டியிருந்தாருன்னு சொல்ற மாதிரி.

ஆனா உடம்பு பழசுதான், அதுல சந்தேகமில்ல. மேல் மூலை உருண்டு இருக்கறதுதான் எங்க கூட்டம் உசுர விடற ரகம். அம்பதுகள் கடைசியில இருந்து எல்லாம் சதுர மண்டையா மாறிப்போச்சு, அதுக்கு வெலையும் கம்மி மதிப்பும் கம்மி.

கதவுக்கு உள்பக்கமோ முதுகுலயோ ஒரு சின்ன தகடு ஆணி அடிச்சு இருக்கும், அதுல கம்பெனி பேரு, ஊரு, மாடல், சீரியல் நம்பர் எல்லாம் இருக்கும். அத படம் எடுத்துப் போடுங்க. ஊரு பேரே பாதி ஜாதகம் சொல்லிடும். கான்சாஸ் சிட்டின்னா வென்டோ, ஃப்ரெஸ்னோன்னா வென்டோர்லேட்டர், சட்டனூகான்னா கேவலியர். இந்த கேவலியர்காரங்க ஆதியில மரச்சாமான் கம்பெனி, கட்டில் பீரோ செஞ்சவங்க ஐஸ் பெட்டிக்கு வந்துட்டாங்க.

கம்ப்ரசர்_காரன்:
ப்ளக்குல சொருகாதீங்க ப்ரோ!!! சொருகிட்டீங்களா?

ஒஹையோ_கரூரான்:
அண்ணா லேட்டா சொல்லிட்டீங்க. நேத்து நைட்டு பத்து மணிக்கு ஆசை தாங்காம சொருகினேன், உர்ருனு ஒரு சத்தம், பரவால்லயே ஓடுதேன்னு கதவுல கைய வச்சேன், தோள்பட்டை வரைக்கும் சுரீர்னுச்சு. கால்ல செருப்பு இருந்ததால தப்பிச்சேன்னு நெனைக்கிறேன். வீட்டம்மாகிட்ட இன்னும் சொல்லல.

கம்ப்ரசர்_காரன்:
பதினாலு வருஷமா இந்த ஊர்ல ஃப்ரிட்ஜ் ஏசி வேலைதான் பாக்கறேன், கேட்டுக்கோங்க. அந்த காலத்து ஒயர் ரப்பரும் நூல் துணியும் சுத்தினது, எழுவது வருஷத்துல அப்பளம் மாதிரி ஆயிடும், தொட்டா உதுந்துடும். ரெண்டு பின் ப்ளக்கு, எர்த்தே கெடையாது. எங்கயாவது ஒரு எடத்துல ஒயர் பாடிய தொட்டா மொத்த மெஷினும் லைவ். மொதல்ல ஒயரிங் பூரா மாத்துங்க, மூணு பின் போடுங்க, பாடிக்கு எர்த் குடுங்க, அப்புறம் ஜிஎஃப்சிஐ, அதான் கரன்ட் கசிஞ்சா தானா நிறுத்தறது, அது இருக்கற பாயின்ட்ல மட்டும் சொருகுங்க. கெபாசிட்டர் பழசா இருந்தா தொறந்து நோண்டாதீங்க, 1979-க்கு முன்னாடி வந்ததுல பிசிபி எண்ணெய் இருக்கலாம், அது விஷம்.

அடுத்தது கூலிங் கேஸ். அது பெரும்பாலும் ஆர்-12. அமெரிக்காவுல 1996-ல இருந்து அத தயாரிக்கறதே கெடையாது, ஓசோன் பிரச்சனை. காத்துல தொறந்து விட்டா சட்டப்படி குத்தம். லைன வெட்டறதுக்கு இந்த கேஸ் வேலைக்குன்னே இருக்கற 608 சர்டிஃபிகேட் வச்சிருக்கற ஆளு வேணும். யூட்யூப் பாத்து நீங்களே பண்ணிடாதீங்க. உர்ருனு சத்தம் வந்துச்சுன்னா மோட்டார் உசுரோட இருக்கு, அது நல்ல செய்தி, அந்த காலத்து கம்ப்ரசர் லேசுல சாகாது, சாகறது கதவு ரப்பரும் தெர்மோஸ்டாட்டும்தான்.

இன்னொண்ணு, வீட்ல சின்ன பசங்க இருந்தா சொவத்தோட சேத்து போல்ட்டு போடுங்க. 1978-ல இருந்து 1995 வரைக்கும் சோடா மெஷின ஆட்டி மேல சாச்சிக்கிட்டே 37 பேரு செத்தாங்கன்னு இங்க நுகர்வோர் பாதுகாப்பு கமிஷனே எச்சரிக்கை விட்டுச்சு. மெஷின்ல ஆட்டாதேன்னு ஸ்டிக்கரும் ஒட்டினாங்க.

வெட்டி_விவாதி:
இவ்ளோ ரிஸ்க் எடுத்து 400 குடுத்து ஒரு டப்பாவ வாங்கணுமா பாஸ். காஸ்ட்கோ கடையில புது ஃப்ரிட்ஜ் வாங்கலாம்.

பழசு_பைத்தியம்:
வந்துட்டாருய்யா.

ஒஹையோ_கரூரான்:
தகடு கெடைச்சிருச்சுங்க! கதவு உள்பக்கம், ஒரே எண்ணெய்ப்பிசுக்கு, பழைய பனியன வச்சு தொடச்சேன். “வென்டோர்லேட்டர் மேனுஃபேக்சரிங் கம்பெனி, ஃப்ரெஸ்னோ, கலிஃபோர்னியா” அப்படின்னு இருக்கு. மாடல்னு போட்டு 81. சீரியல் நம்பர் பாதி துரு தின்னுடுச்சு. கதவுல எழுத்து புடைப்பு எதுவும் இல்லைங்க, கை வச்சு தடவிப் பாத்தேன், வழவழன்னு இருக்கு. ஆனா நடுவுல நாலு எடத்துல ஏதோ ஓட்டைய அடைச்ச மாதிரி மேடு தட்டுப்படுது.

பழசு_பைத்தியம்:
அப்படிப் போடுங்க தம்பி. அந்த 81-ங்கறது எத்தனை பாட்டில் புடிக்கும்ங்கற கணக்கு. இவங்க பேர் வைக்கிற அழகே அதுதான், 27-ன்னா 27 பாட்டில், 44-ன்னா 44. கொழப்பம் எங்க வருதுன்னா வென்டோவுக்கும் ஒரு 81 உண்டு, வென்டோர்லேட்டருக்கும் ஒரு 81 உண்டு, வென்டோவுக்கு 44 உண்டு இவங்களுக்கும் 44 உண்டு. பேரும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு, 1956-ல வென்டோவே வென்டோர்லேட்டர வாங்கிப்போட்டுடுச்சு வேற. ஆனா உள்ள இருக்கற எயந்திரம் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. நான் 2009-ல நெட்ல “81-க்கு கதவு ரப்பர்”னு பாத்து ஆர்டர் பண்ணி, வந்தது வென்டோ 81-க்கு, என்கிட்ட இருந்தது வென்டோர்லேட்டர் 81. 90 டாலர் போச்சு, அது இன்னும் என் கராஜ்ல பாம்பு மாதிரி சுருண்டு கெடக்கு.

இப்ப முக்கியமான விஷயம். வென்டோர்லேட்டர் கோக்குக்கு மட்டும் மெஷின் பண்ணல. பெப்சி, செவன் அப், டாக்டர் பெப்பர், ஆரஞ்சு கலர் விக்கிறவன் இப்படி யார் கேட்டாலும் அதே உடம்புக்கு வேற பெயிண்ட் அடிச்சு குடுத்தாங்க. கதவுல புடைச்ச எழுத்தும் இல்ல, நடுவுல ஓட்டைய அடைச்சிருக்கு, எனக்கென்னமோ அது பொறப்புலயே கோக் இல்லன்னு தோணுது. எவனோ எழுவதுகள்ல செவப்பு அடிச்சு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். கோக்குன்னாதான் வெலை போகும்ல.

ஒஹையோ_கரூரான்:
அப்ப 400 போச்சா

சில்லறை_அக்கா:
போகல போகல, பொறுங்க தம்பி. எனக்கு மெஷின் தெரியாது, எங்கிட்ட இருக்கறது ஒரே ஒரு படுக்கை வாட்டு மெஷின், பாட்டில் கழுத்த கம்பியில தொங்கவிட்டு நகத்தி நகத்தி ஓரத்துல இருக்கற கேட்டுக்கு கொண்டுவந்து, காசு போட்டா கேட் தொறக்கும், மேல இழுத்து எடுத்துக்கணும், ஸ்லைடர்னு சொல்லுவாங்க. என் பைத்தியம் காசு. அந்த காசுப்பெட்டிய தொறந்து பாத்தீங்களா? 1964 வரைக்கும் அடிச்ச டைம் (10 சென்ட் காசு), குவாட்டர் (25 சென்ட்) எல்லாம் 90 சதவீதம் வெள்ளி. நிக்கல்ங்கற 5 சென்ட் காசுல 1942-ல இருந்து 1945 வரைக்கும் போர்க்காலத்துல நிக்கல் உலோகத்த மிச்சம் புடிக்க 35 சதவீதம் வெள்ளி கலந்து அடிச்சாங்க, பின்பக்கம் ஒரு வீடு படம் இருக்கும், அதோட கூம்புக்கு மேல பெருசா பி, டி, எஸ் இதுல ஒரு எழுத்து இருக்கும். தேய்க்காதீங்க, பல்பொடி போட்டு வெளக்காதீங்க, அப்படியே எடுத்து வைங்க.

அந்த 10 சென்ட்ங்கறதும் ஒரு துப்புதான், நாப்பதுகள்ல வந்த கோக் மெஷின்னா 5 சென்ட்னு இருந்திருக்கணும். கோக் வெலை 5 சென்ட்னு 1886-ல இருந்து 1959 வரைக்கும் எழுவது வருஷத்துக்கு மேல ஓடுச்சு. அதுக்கு ஒரு பெரிய காரணமே இந்த மெஷின்தான். லட்சக்கணக்கான மெஷின் ஒரே ஒரு நிக்கல் காச மட்டும் வாங்கற மாதிரி நின்னுட்டு இருந்துச்சு, அஞ்ச ஆறாக்கணும்னா ரெண்டு வித காசு வாங்கணும், அந்த எயந்திரம் தகராறு, நேரா பத்தாக்கினா வெலை டபுள், எவன் வாங்குவான். கோக் கம்பெனியோட பெரிய கை ராபர்ட் உட்ரஃப் 1953-ல அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் கிட்டயே ஏழரை சென்ட்டுக்கு ஒரு காசு அடிச்சுக் குடுங்கன்னு கேட்டாரு, நடக்கல. அப்புறம் சில எடத்துல என்ன பண்ணாங்க தெரியுமா, ஒம்போது பாட்டிலுக்கு ஒண்ணு காலி பாட்டில வச்சாங்க! காசு போட்டு காலி பாட்டில் வந்தவன் திரும்ப காசு போடணும். ஒம்போது நிக்கலுக்கு எட்டு பாட்டில், அதாவது சராசரி 5.625 சென்ட். எங்க ஊர்ல இத பண்ணியிருந்தா மெஷின ஆத்துல போட்டிருப்பாங்க.

கம்ப்ரசர்_காரன்:
ஹா ஹா. அக்கா, ஏழரைன்னு கேட்டதுலயே தெரியல, சனி புடிச்ச காசுன்னு.

டொரன்டோ_பொடியன்:
அண்ணை, நான் கராஜ் சேல் பக்கம் அலையிற ஆள், மெஷின் வைக்க வீட்டில இடமில்லை, மனிசியும் விடமாட்டா. ஆனால் ஒண்டு கேக்கிறன், மெஷின்ல போத்தில் திறக்கிற கொழுக்கி இருக்கெல்லோ, அதுக்குக் கீழ மூடி விழுற பெட்டி ஒண்டு இருக்கும், அதைத் திறந்து பாத்தனிங்களோ? இங்க ஒரு பழைய மோட்டார் கராச்சில கிடந்த மெஷின்ல அப்பிடித்தான் கண்டுபிடிச்சவை. கியூபெக் பக்கம் எண்டால் இன்னும் சுகம், கதவிலயே பிரெஞ்சில “புவே”, குடியுங்கோ எண்டு போட்டிருக்கும், எங்க நிண்ட மெஷின் எண்டு உடன தெரிஞ்சிடும்.

ஒஹையோ_கரூரான்:
தம்பி நீங்க நல்லா இருக்கணும். காசுப்பெட்டி மொதல்ல. சாவி இல்ல, வட்ட ஓட்டை இருக்கற பூட்டு, பூட்டுக்காரர் வந்து பத்து நிமிசத்துல தொறந்து 75 டாலர் வாங்கிட்டுப் போயிட்டாரு. உள்ள எத்தனை இருந்துச்சு தெரியுமா, மூணே மூணு டைம், 1952, 1957, அப்புறம் ஒண்ணு 1967. அக்கா கணக்குப்படி ரெண்டு வெள்ளி. மிச்சத்த எவனோ முன்னாடியே அடிச்சிட்டான். ஆக அறுவத்தேழு வரைக்காச்சும் இது ஓடியிருக்குன்னு வச்சுக்கலாம்ல?

இப்ப மூடிப்பெட்டி. கொழுக்கியில ஸ்டார் எக்ஸ்னு எழுதிருக்கு. அதுக்குக் கீழ இருந்த தகரப்பெட்டி துருப்புடிச்சு ஒட்டிக்கிச்சு, டபிள்யூடி-40 அடிச்சு ஒரு நாள் விட்டு எடுத்தேன். உள்ள சோடா மூடி, துருவுல கட்டி கட்டியா, ஒரு படி தேறும். ஊர்ல ரயில் தண்டவாளத்துல வச்சு நசுக்கி சக்கரம் பண்ணுவோமே அதே மூடி. வெந்நீர்ல ஊறப்போட்டு பிரிச்சேன், 60, 70 இருக்கும். எண்ணிப் பாத்தா செவன் அப் கொஞ்சம், பேரே தெரியாத ரூட் பியர் சோடா கொஞ்சம், கோக் நாலே நாலு, மிச்சம் பாதிக்கு மேல ஆரஞ்சு கலர்ல “க்ரஷ்”, அந்த ஆரஞ்சு சோடா.

பழசு_பைத்தியம்:
உடம்பு சிலுக்குது தம்பி. அந்த ஸ்டார் எக்ஸ் வர்ஜீனியாவுல நியூபோர்ட் நியூஸ்ங்கற ஊர்ல பண்ணினது, 1925-ல பேட்டன்ட் வாங்கினது, அத வச்சு வருஷம் கண்டுபுடிக்க முடியாது, இன்னைக்கும் விக்கிறான். மூடிய திருப்பிப் பாருங்க, உள்ள கார்க்கு வட்டமா இருக்கா இல்ல பிளாஸ்டிக்கா? கார்க்குன்னா பழசு, அறுவதுகள்ல பிளாஸ்டிக் வந்து கார்க்க தொரத்திடுச்சு.

ஒஹையோ_கரூரான்:
க்ரஷ் மூடி எல்லாம் கார்க்குங்கண்ணா. செவன் அப் ரெண்டு மட்டும் பிளாஸ்டிக்.

வெட்டி_விவாதி:
இருங்க இருங்க. ஒரு மெஷின்ல பத்து விதமான பாட்டில ரொப்பி விக்கலாம். மூடி க்ரஷ்னா மெஷின் க்ரஷ்னு ஆயிடுமா? எங்க தெரு பெட்டிக்கடை ஐஸ் பெட்டியில கோல்ட் ஸ்பாட்னு எழுதியிருக்கும், உள்ள பன்னீர் சோடாவும் பால் பாக்கெட்டும் இருக்கும். சும்மா உணர்ச்சிவசப்படாதீங்க.

பழசு_பைத்தியம்:
வாயில வசம்ப வச்சு தேய்க்கணும்னு நெனைச்சேன், ஆனா இவரு சொல்றது நியாயம். மூடி சாட்சி மட்டும்தான், தீர்ப்பு பெயிண்ட்டுல இருக்கு. தம்பி, காசு எயந்திரத்த கழட்டுங்க. திரும்ப பெயிண்ட் அடிச்சவன் எவனும் அத கழட்டி அடிச்சிருக்க மாட்டான், சுத்தி பேப்பர் ஒட்டிட்டு ஸ்ப்ரே பண்ணியிருப்பான். அதுக்குப் பின்னாடி இருக்கறது ஃபேக்டரி கலரு.

அதுக்கப்புறம் கதவு. அவசரப்பட்டு சுரண்டாதீங்க. 400 நம்பர் தண்ணி பேப்பர், அதான் ஈரத்துல தேய்க்கற உப்புத்தாள், தண்ணியோட, ஓரமா ஒரு ரூபா அளவுக்கு வட்டமா தேய்ங்க. கலர் ஒண்ணுக்குள்ள ஒண்ணா வளையம் வளையமா தெரியும், மரத்த வெட்டினா தெரியற மாதிரி. ஒலர்ந்த பேப்பர் வச்சு தேய்க்கவே கூடாது, அந்த காலத்து பெயிண்ட்டுல ஈயம் இருக்கும், இங்க வீட்டு பெயிண்ட்டுக்கே 1978-லதான் தடை வந்துச்சு. மாஸ்க் போடுங்க, பசங்கள கராஜ் பக்கம் விடாதீங்க, தேய்ச்ச தண்ணிய செடிக்கு ஊத்தாதீங்க.

கம்ப்ரசர்_காரன்:
தேய்க்கறதுக்கு முன்னாடி இன்னொரு வழி. ராத்திரி லைட்ட ஆஃப் பண்ணிட்டு டார்ச்ச கதவோட ஒட்டி சைடுல இருந்து அடிச்சுப் பாருங்க. அடியில பழைய எழுத்து இருந்தா அதோட ஓரம் நெழல் விழும். டின்கரிங் பண்ண கார கண்டுபுடிக்க எங்க மாமா பண்ற வேலை இது.

டொரன்டோ_பொடியன்:
ஐயோ சஸ்பென்ஸ் தாங்கேலாமல் கிடக்கு. படம் போடுங்கோ அண்ணை.

ஒஹையோ_கரூரான்:
ரெண்டு வாரம் ஆச்சு, வேலை, பையனுக்கு காய்ச்சல், மன்னிக்கணும்.

காசு எயந்திரத்த கழட்டினேன், ஆறு ஸ்க்ரூ, ரெண்டு தலை உடைஞ்சு போச்சு. பின்னாடி தகட்டுல நாலு வெரக்கடை அளவுக்கு பளிச்சுனு ஆரஞ்சு. செவப்பு இல்ல, நீலம் இல்ல, மாங்காய் பழுக்கறப்ப வர்ற ஆரஞ்சு. அப்படியே தரையில உக்காந்துட்டேன். அப்புறம் கதவு ஓரத்துல பத்து நிமிஷம் தண்ணி பேப்பர் போட்டேன், செவப்பு, அதுக்குக் கீழ வெள்ளை, அதுக்குக் கீழ இன்னொரு செவப்பு, அதுக்குக் கீழ ஆரஞ்சு. மூணு தடவை மதம் மாறியிருக்குது இது.

ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச். வீட்டம்மாதான் புடிச்சாங்க, நான் பாத்தேன், ஷாக் அடிச்ச கதையும் அன்னைக்குத்தான் சொன்னேன், வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஸ்டிக்கருக்கு கொஞ்சம் மேல, சாய்வா, ஒரு எஸ்ஸும் ஒரு ஹெச்சும் தெளிவா தெரியுது. அதுக்கு முன்னாடி யூ மாதிரி ஒண்ணு. அதுக்கும் முன்னாடி அந்த அடைச்ச ஓட்டை வருது, அங்க ஒண்ணும் தெரியல. படம் ஏழு போட்டிருக்கேன், மூணாவது படத்துல நல்லா தெரியும்.

சில்லறை_அக்கா:
மூணாவது படம்!! தெரியுது தெரியுது. உங்க வீட்டம்மாவுக்கு ஒரு சல்யூட்.

வெட்டி_விவாதி:
சரி, ஒத்துக்கறேன். க்ரஷ்தான். இப்ப என்ன பண்ணப் போறீங்க? நான் சொல்றத கேளுங்க, மொத்தத்தையும் உரிச்சு, நல்ல கோக் செவப்பு அடிச்சு, புது ஸ்டிக்கர் ஒட்டி வித்துடுங்க. க்ரஷ் மெஷின தேடி எவன் வருவான், கோக்குன்னா ஆளு வரிசையில நிப்பான்.

பழசு_பைத்தியம்:
ஏன்யா, ஒருத்தன் எழுவதுகள்ல பண்ண அதே திருட்டுத்தனத்த இவரு திரும்ப பண்ணணுமா? கோக் மெஷின் இந்த நாட்டுல தெருவுக்கு தெரு கெடக்கு. க்ரஷ் கலர் அடியில அப்படியே இருக்கற உருண்டை மண்டை மெஷின் நான் இருபது வருஷத்துல ரெண்டுதான் பாத்திருக்கேன். வெலை கம்மியா வரலாம், அது வேற பேச்சு. புது பெயிண்ட்டே அடிக்காதீங்க தம்பி. மேல இருக்கற ரெண்டு செவப்பையும் மெதுவா தண்ணி பேப்பர்லயே எறக்குங்க, மூணு மாசம் ஆகட்டும். ஆரஞ்சுல அங்கங்க துரு இருந்தா இருந்துட்டுப் போகுது, மேல மெழுகு தேய்ச்சு விட்டுடுங்க.

கம்ப்ரசர்_காரன்:
எனக்கு ரெண்டும் இல்ல. உள்ள கூலிங் வருதா, அத சொல்லுங்க மொதல்ல. ஜில்லுனு ஒரு பாட்டில் வரலன்னா அது மெஷின் இல்ல பீரோ.

டொரன்டோ_பொடியன்:
க்ரஷ் இங்க கனடாவில இப்பவும் கடையில கிடக்கு அண்ணை. பழைய போத்தில் மண்ணிறக் கண்ணாடி, சுத்தி வரி வரியாய் இருக்கும், வெயில் பட்டு உள்ள இருக்கிறது கெட்டுப் போகாமல் இருக்க அப்பிடிச் செய்தவை. ஒண்டு ரெண்டு என்னட்ட கிடக்கு, வேணுமெண்டால் அனுப்பிவிடுறன்.

ஒஹையோ_கரூரான்:
தம்பி அனுப்பின பாட்டில் நேத்து வந்துச்சு, தபால் செலவ கூட வாங்க மாட்டேன்னுட்டாரு, எல்லாரும் பாத்துக்கோங்க.

ஒயரிங் முடிஞ்சுது, 608 வச்சிருக்கற ஒருத்தர் வந்து கேஸ் பாத்தாரு, லீக் இல்ல, அப்படியே ஓடட்டும்னுட்டாரு. நாலு மணி நேரத்துல உள்ள 38 டிகிரி ஃபாரன்ஹீட். கதவு ரப்பர் மட்டும் ஒரு மூலையில காத்து விடுது. செவப்பு எறக்கற வேலை ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நடக்குது, இப்ப கதவுல கால்வாசி ஆரஞ்சு, பாக்க சொறி புடிச்ச மாதிரி இருக்குன்னு பையன் சொல்றான்.

இப்ப புது பிரச்சனை. மெக்சிகன் கோக் 355 மில்லி பாட்டில் வச்சேன், உள்ளயே போகல, ஒசரம் ஜாஸ்தி. இப்ப விக்கிற 8 அவுன்ஸ் கண்ணாடி கோக் உள்ள போகுது, ஆனா கடகடன்னு ஆடுது, ஒண்ணு விழ வேண்டிய எடத்துல ரெண்டு விழுது. தம்பியோட க்ரஷ் பாட்டில் மட்டும் அளவெடுத்து தச்ச மாதிரி உக்காருது. என்ன பண்றது?

பழசு_பைத்தியம்:
ரெண்டு விழுந்தா வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஆளுக்கொண்ணு குடுங்க. இல்லன்னா பாட்டில் உக்கார்ற வரிசையில சைடுல தகரப்பட்டை இருக்கும், ஸ்க்ரூவ லூஸ் பண்ணி உள்ள தள்ளுங்க. அது அசையலன்னா மெல்லிசா பிளாஸ்டிக் பட்டை ஏதாவது வெட்டி ஒட்டுங்க, அட்டை வேணாம், ஈரத்துல ஊறிடும். அப்புறம் அந்த கதவு ரப்பர், எங்கிட்ட சுருண்டு கெடக்குன்னு சொன்னேன்ல, அது உங்க 81-க்கு சேராது. ஆனா அத வித்த ஆளு இன்னும் இருக்காரு, இந்த தடவ ஃப்ரெஸ்னோன்னு அழுத்திச் சொல்லி வாங்குங்க. அட்ரஸ தனியா அனுப்பறேன்.